42 கிலோ, ஒரு பேர்

மஸ்கெலியா,
சித்திரை மாதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மழை தொடங்கியதும் தேயிலைக் கொழுந்து பொங்குகிறது. சிவனொளிபாத மலைப் படியில் இன்னும் விளக்கு எரிகிறது, வெசாக்கோடு அணைத்துவிடுவார்கள்.

போன ஞாயிறு நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. உன் ஆராய்ச்சியில் சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களின் எக்ஸ்-கதிர்க் கணக்கு சுத்தமாக வருகிறது, தீக்கொழுந்து வெடிக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் குழப்பம், அதை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றாய். அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை.

நீ சொல்லித் தந்ததைச் சரியாகப் பிடித்திருக்கிறேனா பார். சூரியனுடைய எக்ஸ்-கதிரைக் காற்றுமண்டலம் மேலேயே விழுங்கிவிடும். நம் மலை உச்சியில் ஏறி நின்றாலும் கிடைக்காது. அதனால்தான் 1949இல் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் ராக்கெட்டில் கருவியை ஏற்றி அளந்தார். இப்போது இந்தியாவின் ஆதித்யா-எல்1 செய்மதி 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, பூமியின் நிழல் விழாத இடத்தில் நின்று சூரியனையே பார்த்திருக்கிறது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டைப் பெண் நிகார் சாஜி என்று நீ சொன்ன அன்று, லயத்தில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன்.

அதில் நீ கணக்கெடுக்கும் சோலெக்ஸ் கருவியில் எக்ஸ்-கதிரை உணரும் சிலிக்கன் டிடெக்டர் இரண்டு. ஒன்றின் வாய் 7.1 சதுர மில்லிமீற்றர், மற்றதன் வாய் வெறும் 0.1. சூரியன் அடங்கியிருக்கும்போது பெரிய வாய், பொங்கும்போது சின்ன வாய். கதிர்த்துகள் ஒவ்வொன்றாக விழ விழ, அதனதன் சக்தியைத் தனியாகக் குறிக்கும். நெரிசலில் இரண்டு ஒன்றாக விழுந்தால், ஒன்றுதான் வந்தது என்று எண்ணி, இரண்டின் சக்தியையும் கூட்டி எழுதிவிடும். சூரியன் அனுப்பாத துகள் ஒன்று கணக்கில் ஏறிவிடும். அனுப்பிய இரண்டும் இல்லாமல் போய்விடும்.

இது எனக்கு நடந்தது, மகள்.

அப்போது உனக்கு மூன்று வயது, பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். இதே மாதிரி கொழுந்து பொங்கிய ஒரு நாள். மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசை முடியவில்லை, மழை இறங்கிவிட்டது, லொறிக்காரர் ஹோன் அடிக்கிறார். என் சாக்கையும் எனக்குப் பின்னால் நின்ற அக்காவின் சாக்கையும் சேர்த்தே தராசில் மாட்டினார்கள். முள் ஆடி நின்றது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து 42 கிலோ. பென்சில் நனைந்த தாளில் அழுந்திப் போனது எனக்கு இன்னும் தெரிகிறது. 42 முழுதும் அக்காவின் பேரில் விழுந்தது.

அந்த மலையில் ஒருத்தி ஒரு நாளில் 42 கிலோ எடுக்கமாட்டாள். செக்ரோலை, அதுதான் வேலைக்கு வந்தவர் பேர் எழுதும் ஏட்டை, பார்த்தவர் யாரும் அதைக் கேட்கவில்லை. சம்பளத்தன்று அக்கா என் பங்கை எண்ணிக் கையில் வைத்தார், அதில் குறையில்லை. ஆனால் அன்று எனக்குப் பேர் விழவில்லை. விடிந்ததிலிருந்து அட்டைக் கடியோடு நின்றவள், ஏட்டின்படி வேலைக்கு வராதவள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த நிமிடங்களை விடாதே. 2003 நவம்பர் 4 வெடிப்பில் அமெரிக்கச் செய்மதியின் டிடெக்டர் நிரம்பி, அதற்கு மேல் காட்ட முடியாமல் நின்றுபோனது என்றாயே. அதை யாரும் தூக்கிப் போடவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு அதன் வலுவை எக்ஸ் 28 என்று மதிப்பிட்டார்கள். உன்னிடம் சின்ன வாயின் கணக்கும் இருக்கிறது, பெரிய வாயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாளாகும். ஆகட்டும். பெரிய வெடிப்பு வந்தால் சிற்றலை வானொலி பகல் பக்கத்தில் அடங்கிப்போகும் என்றாய். அந்த நேரத்துக் கணக்கு இல்லாமல் மற்ற நாட்களின் சுத்தமான கணக்கு யாருக்கு உதவும்?

உன் கூட்டாளிகள் முன்னால் எழுதி முடிப்பார்கள் என்று மனம் சோராதே. செலவுக்குக் குறைந்தால் கேள், சீட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது.

மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன், வருகிறவர் கையில் அனுப்புவேன். நீ அந்த நிமிடங்களைப் பிரித்து எடுத்ததும், பிரிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு படமும் அப்பாவின் போனுக்கு அனுப்பு. அக்காவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா