தொண்டை நோவுக்குப் புரோபயோட்டிக் குளிசை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மஸ்கெலியாப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) தடிமனும் தொண்டை நோவும் இல்லாத காம்பரா கிடையாது. என் அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார். போன கிழமை தொண்டை நோவென்று டவுனுக்குப் போனவருக்கு, ஒரு பார்மசியில் அன்டிபயோட்டிக்கோடு, உடம்புக்கு நல்லது செய்யும் என்று விற்கப்படும் உயிருள்ள கிருமிகள் அடங்கிய புரோபயோட்டிக் குளிசைப் பெட்டி ஒன்றையும் கொடுத்து, "இதையும் சேர்த்துக் குடிச்சா கெதியா சுகமாகும்" என்றிருக்கிறார்கள். பெட்டியின் விலை அவருடைய ஒரு நாள் சம்பளத்தைவிடக் கூட.

அந்த வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் தொண்டை நோவோடு வந்த 1,009 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2017 இல் வெளிவந்தது. புரோபயோட்டிக் குடித்தவர்களுக்கு நோ எள்ளளவும் கூடுதலாகக் குறையவில்லை. கடுமையான டொன்சில் அழற்சியோடு வார்டில் இருந்த பெரியவர்களுக்கு அன்டிபயோட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இஸ்ரேலிய ஆய்விலும், 2015 இல், அதே முடிவுதான். அன்டிபயோட்டிக்கால் வரும் வயிற்றோட்டத்தைத் தடுக்க இது ஓரளவு உதவலாம். ஆனால் அதைச் சொல்லியா விற்றார்கள்?

எனக்குப் பெரிய ஆத்திரம் வேறு. அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லிக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. பெரியவர்களின் தொண்டை நோவில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. ஒரு கிழமையளவில் தானாகவே போய்விடும். பத்தில் ஒருவருக்குப் போலத்தான் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி. காய்ச்சல் இருக்கிறதா, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி நோகிறதா, டொன்சிலில் வெள்ளை படிந்திருக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகப்பட வேண்டியவரைப் பிரித்துவிடலாம். அம்மாவுக்கு இருமலும் மூக்கொழுகலும் இருந்தன. உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பும் பரசிட்டமோலும் போதுமாயிருந்திருக்கும். அந்தக் கிருமிக்குப் பென்சிலின் என்ற அன்டிபயோட்டிக் தேவையானவரோ வைத்தியர் சொன்ன நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நோ குறைந்ததும் நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்கிறார்கள். அப்படி விட்ட தொண்டைக் கிருமியால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வாதக்காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதாகலாம்.

இந்த நான்கு அடையாளங்களையும் உங்கள் சுகாதாரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். எச்சில் விழுங்க முடியாதவரும், வாய் திறக்க முடியாதவரும், மூச்சு முட்டுகிறவரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். தோட்ட நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: காய்ச்சலோடு வருகிறவர் அரைப்பேருக்கு (அரைநாள் சம்பளத்துக்கு)ப் பயந்து கொழுந்தெடுக்க மலையேறாமல், முதலில் டிஸ்பென்சரியில் தொண்டையைக் காட்டிவிட்டு வர நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா