தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: பென்டன்வில், ஆர்கன்சா

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் காபியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் பணக் கேள்விகளை அவருக்காகப் பத்திரமாக வைத்திருங்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன். நடுநடுவே என் அபிப்பிராயமும் வரும், பிடிக்காதவர்கள் தேர்தலில் நிற்கலாம், மனு கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் உறுப்பினர் விஷயம். இந்த வருடம் கூட்டம் கூடியது, காரணம் ஊருக்கே தெரியும். மே மாதத்தில் வால்மார்ட் தன் டல்லாஸ், அட்லாண்டா, டொரன்டோ அலுவலகங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோரை இடம் மாறச் சொன்னது, அதில் நிறையப் பேர் வந்து சேர வேண்டிய இடம் அதன் தலைமையகம் இருக்கும் நம் ஊர். அன்றிலிருந்து சங்கத்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகள்தான்: இட்லி மாவு கிடைக்குமா, கோயில் இருக்கிறதா, பள்ளிக்கூடம் எப்படி, பாட்டு டீச்சர் உண்டா. இத்தனை வருடமாக நாம் டல்லாஸுக்குக் கல்யாணம் காதுகுத்துக்குப் போகும்போதெல்லாம் "பென்டன்வில்லா? அங்கே மாடுதானே இருக்கும்?" என்று கேட்டவர்கள் இப்போது அதே மாட்டுக்கு நடுவே மூன்று பெட்ரூம் வீடு தேடுகிறார்கள். வாருங்கள், நல்வரவு. மாடு நிஜமாகவே இருக்கிறது, ஊரை விட்டுப் பத்து நிமிடம் ஓட்டினால் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1950-ல், பின்னால் வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் இந்த ஊர்ச் சதுக்கத்தில் தன் சின்னக் கடையைப் போட்டபோது இது ஆப்பிளுக்கும் கோழிக்கும் பேர்போன பக்கம். 2000 கணக்கெடுப்பில்கூட மக்கள்தொகை 19,730 தான், 2020-ல் 54,164. இருபது வருடத்தில் ஊர் இரண்டரை மடங்குக்கு மேல் பெருத்தால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? வீட்டு விலை ஏறிவிட்டது, வாடகை ஏறிவிட்டது, இரண்டு சிக்னல் தாண்டினால் வேலைக்குப் போய்விடலாம் என்ற காலம் போய்விட்டது. அதற்கு நாமும் ஒரு காரணம். அப்படியிருந்தும் கடையில், பள்ளிக்கூட வாசலில், பார்க்கில் முகம் பார்த்துச் சிரித்து "எங்கிருந்து வருகிறீர்கள்" என்று கேட்டு, பதிலை நின்று கேட்டுவிட்டுப் போகும் மனிதர்கள் இவர்கள். தென் மாநிலத்து மரியாதை என்று இதைத்தான் சொல்கிறார்கள் போல. நாமோ எல்லா விழாவையும் பள்ளிக்கூட கஃபேடீரியாவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடத்திவிட்டு, சாமானைக் கழுவிக் காரில் ஏற்றி வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்ததெல்லாம் கதவுக்கு வெளியே நடந்தவைதான் என்பது என் கட்சி.

பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி நடுவில் அடித்த குளிரில் ஊரே உறைந்து கிடந்ததால் விழாவை மாதக் கடைசிக்குத் தள்ளினோம். உள்ளே நெருப்பு மூட்டக்கூடாது என்று மண்டபத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், எனவே பானை வாகனம் நிறுத்தும் இடத்தில் ஏறியது. அடுப்பு? இங்கே வசந்த காலத்தில் க்ராஃபிஷ் என்று ஆற்று இறால் மாதிரி ஒன்றை மூட்டை மூட்டையாக வாங்கிப் பெரிய அண்டாவில் வேகவைப்பார்களே, அதற்கான ப்ரொப்பேன் அடுப்பு. ஒரு உறுப்பினர் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்தார். அடுப்பின் சொந்தக்காரரும் கூடவே வந்துவிட்டார், தன் அடுப்பை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க. காற்று ஒரு பக்கமாக அடித்ததில் தீ சாய்ந்துகொண்டே இருக்க, அவர் தன் பிக்கப் டிரக்கைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தி மறைப்புக் கட்டினார். பால் பொங்கியபோது நம்மைவிடச் சத்தமாகக் குலவை மாதிரி ஒன்று போட்டார். சர்க்கரைப் பொங்கல் அவருக்கு அதிகத் தித்திப்பாக இருந்தது, மிளகு போட்டதைத்தான் மூன்று தடவை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 8 சூரிய கிரகணம். நம் ஊரில் ஒரு கீற்று மிஞ்சிவிடும், முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ரஸ்ஸல்வில் பக்கம் போக வேண்டும் என்று சில குடும்பங்கள் சேர்ந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாக்கள் பாதிப் பேர் வரமாட்டேன் என்றார்கள். திங்கட்கிழமை அமாவாசை, அதிலும் கிரகணம், வெளியே போவதாவது! வந்த மீதிப் பேர் கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் புளியோதரையை அவர்களுக்குத் தெரியாமல் காருக்குப் பின்னால் நின்று சாப்பிட்டோம். நான்கு நிமிடத்துக்கும் மேல் பட்டப்பகலில் இருட்டு. தெருவிளக்குகள் எரிந்தன, பறவைகள் கூட்டுக்குத் திரும்பின, வந்திருந்த அத்தனை ஜனமும் கத்தித் தீர்த்தது. அன்று அதே ரஸ்ஸல்வில்லில் சுமார் 300 ஜோடிகள் கூட்டமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு பாட்டி "கிரகணத்துலயா தாலி கட்டுனாங்க?" என்று கேட்டவர், வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. ஆர்கன்சாவில் அடுத்த முழு கிரகணம் 2045-ல். அப்போதைய செயற்குழுவுக்கு என் ஆலோசனை, புளியோதரையைக் கொஞ்சம் அதிகமாகக் கட்டுங்கள்.

இனி மே 26. ஞாயிறு அதிகாலை, எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரம், போனும் சைரனும் சேர்ந்து அலறின. டொர்னாடோ என்கிற சுழல்காற்று. பக்கத்து ஊர்களான டிகேட்டர், ரோஜர்ஸ் எல்லாம் அடிபட்டு, நம் ஊரிலும் மரங்கள் சாய்ந்து, மின்சாரம் போனது. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் நிலவறை கிடையாது, ஜன்னல் இல்லாத உள் அறையில் பதுங்கு என்பதுதான் விதி. நம் வீடுகளில் ஜன்னல் இல்லாத உள் அறை எது? படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் க்ளோசெட். அதைத்தான் நாம் பூஜை அறை ஆக்கி வைத்திருக்கிறோம். ஆக, அன்று ராத்திரி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலையில் சைக்கிள் ஹெல்மெட்டோடு முருகன் படத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கந்த சஷ்டி கவசம் தெரியாதவர்கள்கூடக் கூடவே முணுமுணுத்ததாகக் கேள்வி.

விடிந்ததும்தான் சேதம் தெரிந்தது. ரோஜர்ஸின் பழைய தெருக்களில் வயதான மரங்கள் வேரோடு புரண்டு கூரைமேல் கிடந்தன. நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கார்மேலும் ஒன்று. அவர் இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே, முன்பின் தெரியாத இரண்டு பேர் மரம் அறுக்கும் மெஷினோடு வந்து, கேட்காமலே வெட்டத் தொடங்கி, மதியத்துக்குள் வழி விட்டுக் கொடுத்தார்கள். பணம் நீட்டினால் கோபித்துக்கொண்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஃப்ரீஸர் பிரச்சினை. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய்த் துருவல், முருங்கைக்கீரை, டல்லாஸிலிருந்து ஐஸ் பெட்டியில் சுமந்து வந்த மீன், ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த ஆட்டுக்கறி எல்லாம் இளகத் தொடங்கின. கெட்டுப்போகுமுன் சமைத்துவிடலாம் என்று ஒரு தெருமுனையில் கூடினோம். பொங்கலுக்கு வந்த அதே அடுப்பு வந்தது, அதே மனிதரும் வந்தார், இம்முறை இன்னொரு அடுப்பையும் சேர்த்துக்கொண்டு. ஒன்றில் கறிக் குழம்பு, ஒன்றில் சாம்பார் சாதம். யார் வீட்டு மசாலா எதில் விழுந்தது என்று கணக்கே இல்லை. மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், மின்கம்பம் நட வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர்கள், ஜெனரேட்டர் வைத்திருந்த சர்ச்சில் போன் சார்ஜ் செய்ய வந்தவர்கள் எல்லோரும் காகிதத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள். இந்தச் சங்கம் இதுவரை போட்ட மிகப் பெரிய பந்தி அதுதான். செயற்குழு தீர்மானம் இல்லை, பேனர் இல்லை, குத்துவிளக்கு இல்லை. 2015-ல் சென்னை வெள்ளத்தைப் பார்த்த இரண்டு மூன்று பேர்தான் முன்னால் நின்று நடத்தினார்கள், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமைச் சந்தை பற்றியும் ஒரு வார்த்தை. சதுக்கத்தில் ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை நடக்கும் உழவர் சந்தையில் தென்கிழக்கு ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட மோங் இனத்து விவசாயிகள் பாகற்காய், காராமணி, காரமான குட்டி மிளகாய் எல்லாம் கொண்டுவருகிறார்கள். நம் அம்மாக்களுக்கும் அந்தப் பாட்டிகளுக்கும் பொது மொழி ஒன்றும் கிடையாது, பேரம் மட்டும் ஜோராக நடக்கிறது. இந்தியக் கடை வண்டி வெள்ளிக்கிழமை வரவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்கள்.

தமிழ் வகுப்பு நூலகத்து அறையில் நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறை, வழக்கம்போல். இந்த வருடம் ஒரு வகுப்பைக் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் வைத்தோம். 2011-ல் திறந்ததிலிருந்து அங்கே பொது அனுமதி இலவசம், இருந்தும் எட்டிப்பார்க்காத உறுப்பினர்கள் உண்டு, ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியாரை மட்டும் தவறாமல் கூட்டிப்போவார்கள். வாசல் பக்கம் நிற்கும் லூயிஸ் பூர்ஷ்வாவின் ராட்சசச் சிலந்தியைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னோம். இரண்டாம் நிலை மாணவி ஒருத்தி எழுதியது: "சிலந்தி அம்மா. வயிற்றில் முட்டை உள்ளது. கீழே நின்றால் நாமும் தெரியும் முட்டை. எனக்கு பயம் இல்லை. எங்கள் அம்மாவுக்கு பயம்." ஒற்றைத் திருத்தம்கூடச் செய்யாமல் அப்படியே ஒட்டி வைத்திருக்கிறோம்.

தீபாவளி இந்த முறை அக்டோபர் 31-ல் விழுந்தது, அன்றுதான் ஹாலோவீனும். எதை விடுவது என்று பெற்றோர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகளே தீர்த்துவைத்தார்கள்: நரகாசுரன் வேஷம். ஒரே தெருவில் நான்கு நரகாசுரர்கள், ஒரு சத்தியபாமா, அவள் கையில் நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கி. வாசலில் கோலம், அகல்விளக்கு, பக்கத்தில் கண் தோண்டிய பூசணிக்காய். வீட்டில் செய்த பலகாரத்தைத் தெரியாத வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது இங்கே வழக்கமில்லை என்பதால் குழந்தைகளுக்குச் சாக்லேட், கூட வந்த பெரியவர்களுக்குப் பாதுஷா. சில அப்பாக்கள் அடுத்த சுற்றுக்குப் பிள்ளை இல்லாமலே வந்தார்கள். ஜூலையில் சாலையோரக் கூடாரங்களில் வாங்கிக் கராஜில் பதுக்கிய கம்பி மத்தாப்பு பாதி நமுத்துப்போயிருந்தது, வரும் வருடம் பொறுப்பாளர் அதை வீட்டுக்குள் வைக்கவும்.

இந்த வருடம் நம் உறுப்பினர்களில் சிலர் ஊரில் பெற்றோரை இழந்தார்கள். ஒருவர் டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களுக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்.

வரும் வருடத்துக்கு நான் முன்வைக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்று: சித்திரைத் திருநாளை மண்டபத்தில் வைக்காமல் சதுக்கத்தில் வைக்க நகராட்சியிடம் அனுமதி கேட்க வேண்டும். மைக், மேடை, கழிப்பறை வசதி, காப்பீடு எல்லாம் தலைவலிதான், செலவும் கூடும். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நனைவோம். இன்னும் ஐந்து வருடத்தில் டல்லாஸ் போய்விடலாம் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களும் கைதூக்கலாம், வாக்குரிமை உண்டு. 2025 ஜனவரியில் வால்மார்ட்டின் 350 ஏக்கர் புது வளாகமும் திறந்தாகிவிட்டது, ஆட்கள் இன்னும் வருவார்கள்.

இந்த வருடச் சந்தா கட்டாதவர்களுக்காகப் பொருளாளர் கதவுப் பக்கமே நாற்காலி போட்டிருக்கிறார், தாண்டித்தான் சாப்பாட்டுக்குப் போக முடியும். பாத்திரங்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள், போன பொங்கலில் தங்கிவிட்ட இரண்டு குக்கர் மூடிகள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்