ஒலிம்பிக்கில் இல்லை என்பதால் ராக்கெட்ஸ் அணியை மறந்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிலன்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி நீங்கள் வெளியிட்ட ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் இசைக்கேற்ப ஆடும் விளையாட்டு) கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதப்படுவது அபூர்வம். தாவல்களுக்கு மதிப்பெண் வழங்கும் முறையைத் தெளிவாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் அணிப் போட்டியைப் பற்றிய பத்தியைப் படித்தால், பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் பனித்தளத்தில் ஆடுவதாகத் தோன்றுகிறது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அறிமுகமான அந்தப் போட்டியில் ஒற்றையரும் இணைகளும் தனித்தனியாகத்தான் ஆடுகிறார்கள். நாடுவாரியாக அவர்களுடைய புள்ளிகளைக் கூட்டி முடிவை அறிவிக்கிறார்கள். பலர் சேர்ந்தே ஆடும் ஸ்கேட்டிங் வேறு. அதற்கு சிங்க்ரனைஸ்டு ஸ்கேட்டிங் என்று பெயர். ஒலிம்பிக்கில் அதற்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை. உங்கள் கட்டுரையிலும் அது இல்லை.

பின்லாந்தில், ஹெல்சிங்கிக்கு அருகே எஸ்போ நகரில் வசிப்பவள் நான். இங்கே இந்த விளையாட்டை எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த இடைவெளி என் கண்ணில் உடனே பட்டது. குறிப்பாக ஹெல்சிங்கியின் ராக்கெட்ஸ் அணியைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் பிறந்தது. 1956இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் முதல் அணி உருவானது. உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதோ 2000ஆம் ஆண்டில்தான். முதல் இரண்டு ஆண்டும் சுவீடனின் டீம் சர்ப்ரைஸ் தங்கத்தைத் தட்டிச் சென்றது. அதன்பின் ஹெல்சிங்கியின் முறை வந்தது. மேரிகோல்டு ஐஸ்யூனிட்டி அணி 2002, 2004, 2006 ஆண்டுகளில் வென்றது. 2008இல் புடாபெஸ்டில் ராக்கெட்ஸ் முதன்முதலாக உலக சாம்பியன் ஆனது. மறு ஆண்டு கனடாவின் நெக்ஸ்ஐஸ் அணியிடம் பட்டம் போனது. 2010இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ராக்கெட்ஸ் அதை மீட்டது. 2011இல் சொந்த ஊரான ஹெல்சிங்கியிலேயே போட்டி நடந்தது, அங்கும் ராக்கெட்ஸே வென்றது. நான்கு ஆண்டுகளில் மூன்று உலகப் பட்டங்கள்! 2013இல் பாஸ்டனில் வென்ற டீம் யுனீக்கும் ஹெல்சிங்கி அணிதான். அடுத்த ஆண்டு மேரிகோல்டு மீண்டும் தங்கம் வென்றது. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் ஒரு நாட்டின் தலைநகரில் மூன்று உலக சாம்பியன் அணிகள் இருக்கின்றன. வேறெந்த விளையாட்டிலாவது இப்படி ஒன்று நடந்திருந்தால் உங்கள் விளையாட்டுப் பக்கம் அதைக் கொண்டாடியிருக்காதா?

ஓர் அணியில் பதினாறு பேர். அவர்கள் சேர்ந்து ஆடுவது என்றால் என்னவென்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சக்கரம் என்று ஓர் அமைப்பு உண்டு. தோளோடு தோள் கோத்த வரிசைகள் ஆரக்கால்களைப்போல மையத்திலிருந்து நீண்டு சுழலும். மையத்தில் இருப்பவள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடி வைக்கிறாள். நுனியில் இருப்பவளோ அதே நேரத்துக்குள் பெரிய வட்டத்தைச் சுற்றி முடித்தாகவேண்டும். அதற்காக உயிரைக் கொடுத்து விரைகிறாள். ஆனால் இருவர் முகத்திலும் அந்த வித்தியாசம் தெரியக்கூடாது. வரிசை நூல் பிடித்தாற்போல நேராக நிற்க வேண்டும். நடுவில் ஒருத்தி கால் நொடி தாமதித்தாலும் வரிசை வில்லாக வளைந்துவிடும். அது நடுவர் கண்ணில் மட்டுமல்ல, மேல் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் கண்ணிலும் பட்டுவிடும்.

அதைவிட நெஞ்சைப் பதறவைப்பது ஊடுருவல். எட்டெட்டுப் பேராக இரண்டு வரிசைகள் எதிரெதிரே முழு வேகத்தில் வருகின்றன. சந்திக்கும் கணத்தில் ஒவ்வொருத்தியும் உடலைச் சுழற்றி, எதிர் வரிசையின் இடைவெளிக்குள் முதுகுப்புறமாகப் புகுந்து வெளியேறுகிறாள். தான் புகப்போகும் இடைவெளியை அந்த நொடியில் அவள் பார்ப்பதே இல்லை. காலடியில் இருப்பதோ நாலு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. பின்னல் கோலாட்டத்தில் ஒருத்தி அடி மாற்றி வைத்தால் எல்லாக் கயிறும் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே சிக்கினால் கத்தி போன்ற அந்தத் தகடுகளோடு பல பேர் ஒன்றாகக் கீழே விழுவார்கள்.

இதற்கான பயிற்சியில் பாதி பனித்தளத்துக்கு வெளியேதான் நடக்கிறது. எங்கள் பகுதி அரங்கின் நடைபாதையில் சிறுமிகள் அணியொன்று சாதாரண ஷூ அணிந்து, கையைக் கோத்துக்கொண்டு, பயிற்சியாளரின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே ஊடுருவலைத் திரும்பத் திரும்ப நடந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் அரை அடி தள்ளியே போய்க்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அவளைத் தனியே அழைத்துத் திருத்தவில்லை. அவளுக்கு இருபுறமும் இருந்தவர்களைக் கூப்பிட்டு, அவள் கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த முறை அந்த வரிசை நேராகப் போனது.

ராக்கெட்ஸ் போன்ற அணியின் வரலாற்றை எழுத ஊடகங்கள் தயங்குவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது என நினைக்கிறேன். இதில் நட்சத்திரம் என்று ஒருவரும் இல்லை. ஒரே ஆடை, ஒரே கொண்டை, ஒரே முக ஒப்பனை. ஒருத்தி மட்டும் தனித்துத் தெரிந்தால் அதுவே குறை. படிப்பு, வேலை, திருமணம் என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் விலகுகிறார்கள், இளையோர் அணிகளிலிருந்து சிலர் மேலே வருகிறார்கள். இப்படி ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும்போதும் அணியின் தரம் குலையாமல் நிற்பதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன். ஆடுபவர்கள் இதில் சம்பாதிப்பதும் இல்லை. பனித்தள வாடகைக்கும் ஆடைக்கும் பயணத்துக்கும் அவர்களும் குடும்பத்தினரும் கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. உலகப் போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் இரண்டு அணிகளைத்தான் அனுப்பலாம். பட்டம் வென்ற மூன்று அணிகள் ஒரே நகரில் இருந்தால் ஒன்று வீட்டில் இருந்தே ஆகவேண்டும். பின்லாந்துக்குள் நடக்கும் தகுதிப் போட்டிகளில் சில ஆண்டுகள் உலகப் போட்டிக்கு நிகரான அனல் பறக்கும். அதில் மூன்றாவதாக வந்த அணி, பல நாடுகளின் முதல் அணியைவிடத் திறமையானதாகவே இருக்கும்.

ஒலிம்பிக்கில் சேர்க்காததற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மொத்த வீரர் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு இருக்கிறது. பத்து அணிகள் வந்தாலே 160 பேர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் முழுவதற்கும் ஒதுக்கப்பட்ட இடங்களே 144தான். ஆனால் நீரில் ஒத்திசைந்து ஆடும் நீச்சலுக்கு 1984 லாஸ் ஏஞ்சலஸில் கதவு திறந்தது. 1996இல் எட்டுப் பேர் கொண்ட அணிப் போட்டியும் வந்துவிட்டது. மிலனில் மலையேற்றப் பனிச்சறுக்கு புதிதாகச் சேர்க்கப்பட்டது. மனம் இருந்தால் ஆறு அணிகளோடோ எட்டு அணிகளோடோ இதையும் தொடங்கலாம். பெரும்பாலும் பெண்களே ஆடும், அதுவும் இவ்வளவு உடல்வலுவைக் கேட்கும் ஒரு விளையாட்டு இத்தனை ஆண்டுகளாக வாசலிலேயே நிற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2011இல் ராக்கெட்ஸ் வென்றபோது அந்த அரங்கில் நானும் இருந்தேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு இசையைவிடத் தகடுகளின் ஓசைதான் பெரிதாகக் கேட்டிருக்கும். பதினாறு ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறும்போது துணியைக் கிழிப்பதுபோல ஒரே ஒலி எழும். தொலைக்காட்சியில் அது சரியாகக் கேட்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் சுற்றியிருந்த குடும்பங்கள் எழுந்து நின்று கொடியசைத்தன. மறுநாள் காலை இங்குள்ள நாளிதழ்களில் படத்தோடு செய்தி வந்தது. தமிழ்ப் பத்திரிகைகளின் இணையப் பதிப்புகளில் தேடிப்பார்த்தேன், எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு என்றால் நம்மவர்களுக்கு அது இல்லாத விளையாட்டாகவே ஆகிவிடுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உலக சாம்பியன்ஷிப் வழக்கமாக மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ நடக்கிறது. அடுத்த முறை அது நடக்கும்போது முதல் மூன்று இடங்களைப் பிடித்த அணிகளின் பெயர்களையாவது விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுங்கள். இடம் இருந்தால், பதினாறு பேரும் தெரியும்படி ஒரு படமும் போடுங்கள். மூன்று பேரோடு வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
எஸ்போ, பின்லாந்து