கடைசி ஸ்டாப்புல உங்களுக்கு என்ன வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழ்ல அம்பது வயசு தாண்டின பொம்பளைங்க பொழுதுபோக்கா என்னென்ன பண்ணலாம்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. மாடித்தோட்டம், ஆரி ஒர்க், சூம்பா, கேக் ஐசிங்னு நல்ல நீளமான லிஸ்ட். மாடித்தோட்டம் நானும் போட்டு பாத்துட்டேன், காய்ச்சது நாலு கத்தரிக்கா, வந்தது நாலு லட்சம் மாவுப்பூச்சி. ஆரி ஒர்க்குக்கு கண்ணு ஒத்துழைக்கல. சூம்பா ஆடுனா கீழ்வீட்டுக்காரம்மா மேல ஏறி வந்துடுவாங்க. என்னோட பொழுதுபோக்கை மட்டும் லிஸ்ட்ல காணோமேன்னுதான் இதை எழுதறேன்.

எனக்கு பஸ்ல போறது பொழுதுபோக்கு. கோயிலுக்கு போக பஸ், துணி எடுக்க பஸ், அந்த மாதிரி இல்லைங்க. வாரத்துல ஒரு நாள், புதன்கிழமை, சாம்பார் ரசம் எல்லாம் வெச்சு மூடிட்டு ஒன்பதரைக்கு கெளம்புவேன், பெரம்பூர் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன், மனசுக்கு புடிச்ச நம்பர் வந்தா ஏறுவேன், கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன், அங்க ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பி வந்துடுவேன். அவ்ளோதான்.

எங்க வீட்டுக்காரர் முதல் தடவை இதை கேட்டப்ப பேப்பரை மடிச்சு கீழ வெச்சுட்டு "கடைசி ஸ்டாப்புல உனக்கு என்ன வேலை?"ன்னார். வேலை இல்லைங்கறதாலதானே போறேன்னு சொன்னா அவருக்கு புரியல. இன்னமும் புரியல.

இது ஆரம்பிச்சது 2021 மே மாசம். எட்டாம் தேதியில இருந்து வெள்ளை போர்டு போட்ட சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுன்னு வந்துச்சு, சந்தோஷமா புடவையெல்லாம் இஸ்திரி போட்டு ரெடியா இருந்தா பத்தாம் தேதி லாக்டவுன், பஸ்ஸே கிடையாது. என் ஜாதகம் அப்படி. ஜூன் கடைசியில பஸ் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் மாஸ்க்கை மாட்டிட்டு முதல் வேலையா 29சி ஏறுனேன், பெசன்ட் நகர் வரைக்கும். நாப்பது வருஷமா பெரம்பூர்ல குடித்தனம், 29சி எங்க வீட்டு ஆளு மாதிரி, ஆனா எப்பவும் பாதியிலயே ஏதாவது வேலையா இறங்கிடுவேன், அது முடியற இடத்தை அன்னிக்குதான் பாத்தேன். அடையாறு பாலத்து மேல போறப்ப காத்து வந்துச்சு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

2022ல இந்த பஸ்ஸுக்கெல்லாம் முன்னாடியும் பின்னாடியும் ரோஸ் கலர் அடிச்சாங்களா, அதுல இருந்து கண்ணாடி போடாமலே தூரத்துல வர்றப்பவே கண்டுபுடிச்சிடறேன்.

இதுல போகப் போகத்தான் நுணுக்கம் எல்லாம் தெரியுது. உதாரணத்துக்கு வெயில். நம்ம ஊர் பஸ்ல லேடீஸ் சீட் இடது பக்கம். காலையில பெரம்பூர்ல இருந்து தெக்கால போனா இடது பக்கம் கிழக்கு, அதனால வெயில் நம்ம பக்கம். சரி போகட்டும், வர்றப்ப நிழல் கிடைக்கும்னு பாத்தா சாயங்காலம் வடக்கால திரும்பி வர்றப்ப இடது பக்கம் மேற்கு, திரும்பவும் வெயில் நம்ம பக்கம்! போறப்பவும் வர்றப்பவும் ஆம்பளைங்க ஜம்முனு நிழல்ல உக்காந்து தூங்கிட்டு வராங்க. இதை மூணு மாசம் கருகினதுக்கு அப்புறம்தான் கண்டுபுடிச்சேன், வீட்டுக்காரர்கிட்ட நோட்டுல படம் போட்டு வேற காட்டுனேன், "சூரியன் மேல கேஸ் போடு"ன்னுட்டு எழுந்து போயிட்டார். நான் கேஸ் போடல, ரூட்டை மாத்திட்டேன். காலையில வடக்கால போனா இடது பக்கம் நிழல், சாயங்காலம் தெக்கால திரும்புனா அப்பவும் நிழல். அப்படித்தான் எண்ணூர், ரெட்ஹில்ஸ் பக்கம் எல்லாம் எனக்கு அத்துப்படி ஆச்சு. ஒரே குறை, எண்ணூர் போறப்ப திருவொற்றியூர் தாண்டினா கடல் வலது பக்கம் வரும். நிழல் வேணும்னா கடல் கிடையாது, கடல் வேணும்னா கழுத்தை ஆம்பளைங்க பக்கம் திருப்பிக்கிட்டே போகணும், அவங்க நம்மளையா பாக்கறாங்கன்னு நிமிந்து உக்காந்துக்கறாங்க.

கடைசி ஸ்டாப்புல சும்மா டீ மட்டும்னு சொன்னேன், அது முழு உண்மை இல்ல. ரெட்ஹில்ஸ்ல அரிசி ஆலைங்க நிறைய, ஒரு தடவை ஆசைப்பட்டு பத்து கிலோ அரிசி வாங்கிட்டேன். பஸ்ல காசு இல்ல, ஆனா பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டுக்கு தூக்கிட்டு வர முடியாம ஆட்டோவுக்கு குடுத்ததை சேத்தா அது பாஸ்மதி விலை. அதே மாதிரி கிளாம்பாக்கத்துல 2023 கடைசியில வெளியூர் பஸ்ஸுக்குன்னு புது பஸ் நிலையம் தொறந்தப்ப அதையும் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். சுத்தி எல்லாரும் பெட்டியும் பையுமா ஓடறாங்க, நான் ஒரு ஹேண்ட்பேக்கோட நடுவுல நின்னு கூரையை பாத்துட்டு இருக்கேன். ஒரு தம்பி பாவம் வழி தெரியாம நிக்கறேன்னு நெனச்சு ஓடி வந்து "எந்த ஊருக்கும்மா போகணும்?"னு கேட்டுச்சு. பெரம்பூர்னு சொன்னேன். அது மூஞ்சி போன போக்கை நீங்க பாத்திருக்கணும்.

டிக்கெட்டும் சேத்து வெக்கறேன். காசில்லாத டிக்கெட்டை எதுக்கு சேக்கறன்னு நாத்தனார் கேக்கறா, ஸ்டாம்பு சேக்கறவங்களை யாராவது இப்படி கேக்கறாங்களா? பிஸ்கட் டப்பா ஒண்ணுல ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன். முன்னாடி குடுத்த அச்சடிச்ச டிக்கெட்டெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு. இப்ப மெஷின்ல இருந்து வருதே, அது சூட்டுல எழுத்து விழற பேப்பர், டப்பாவுக்குள்ள இருந்தாக்கூட கொஞ்ச மாசத்துல வெளுத்து போயிடுது. போன வாரம் தொறந்து பாத்தா பாதி வெறும் வெள்ளை சீட்டு. "உன் ஊர் சுத்தலுக்கு சாட்சியே இல்லாம போச்சே"ன்னு வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

அவரை ஒரே ஒரு தடவை கூட்டிட்டு போனேன். ஏறுனதும் அவருக்கு மட்டும் காசு, எனக்கு சும்மா, அதுலயே பாதி மூடு போச்சு. ஜன்னல் பக்கம் உக்காந்து வழி முழுக்க எந்த இடத்துல கிரவுண்டு என்ன விலைன்னு சொல்லிக்கிட்டே வந்தார். மெட்ரோ வந்துட்டா இந்த வேலையே இருக்காதுன்னு வேற. மாதவரத்துல இருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் போடற லைன் எங்க பெரம்பூர், புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறுன்னு ஏறக்குறைய 29சி போற வழியாத்தான் போகுது, வரட்டும், வேலைக்கு போறவங்களுக்கு ரொம்ப நல்லது. ஆனா பெரம்பூர்ல இருந்து அடையாறு வரைக்கும் அது பூமிக்கு அடியில. ஜன்னல்ல என்ன தெரியும், என் மூஞ்சிதான் தெரியும். அதை பாக்க நான் ஏன் கெளம்பி போகணும், வீட்டுல கண்ணாடி இருக்கே.

இனிமேதான் விஷயத்துக்கு வரேன். ஒரு பொம்பளை தனியா பஸ்ல போனா பக்கத்து சீட்டுக்காரங்களுக்கு காரணம் தெரிஞ்சாகணும். கோயிலா, ஆஸ்பத்திரியா, மக வீடா, இந்த மூணுல ஒண்ணு சொல்லணும். ஆரம்பத்துல நேர்மையா "சும்மாங்க"ன்னு சொல்லி பாத்தேன். வீட்டுல சண்டை போட்டுட்டு வந்துட்டேன்னு முடிவு பண்ணி ஒரு அம்மா திருவொற்றியூர் வரைக்கும் புத்தி சொன்னாங்க. அதுல இருந்து மக வீடுன்னு சொல்ல பழகிட்டேன். இந்த நாலஞ்சு வருஷத்துல எண்ணூர்ல ஒரு மக, ரெட்ஹில்ஸ்ல ஒரு மக, பூந்தமல்லியில ஒரு மகன்னு நல்லபடியா கட்டி குடுத்துட்டேன். நெஜத்துல எனக்கு ஒரே பையன், பெங்களூர்ல இருக்கான்.

பாரிமுனையில எண்ணூர் பஸ் ஏறுனா ஒரு அம்மா அடிக்கடி வருவாங்க. பூக்கடையில உதிரி மல்லி வாங்கிட்டு திருவொற்றியூர் கோயில்கிட்ட விக்க போறவங்க. உக்காந்ததும் நூலோட ஒரு முனையை முன் சீட்டு கம்பியில கட்டிடுவாங்க, மடியில பூவை கொட்டிக்குவாங்க, இந்த பக்கம் ரெண்டு அந்த பக்கம் ரெண்டு வெச்சு ஒரு சுத்து ஒரு இழு, கண்ணு பூ மேலயே இருக்காது, என்கிட்ட பேசிக்கிட்டே இருப்பாங்க. டிரைவர் பிரேக் போட்டா பஸ்ல எல்லாரும் முன்னாடி விழுவோம், அவங்க விரல் மட்டும் நிக்காது. ராயபுரம் தாண்டறதுக்குள்ள ரெண்டு முழம் தொங்கும். அவங்ககிட்டதான் எப்பவோ எண்ணூர் மக மாசமா இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க, பேச்சு சுவாரசியத்துல வந்துடுச்சு.

போன புதன்கிழமை ஏறி உக்காந்ததுமே "என்னக்கா, ஆச்சா?"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. அவங்களே மாசக்கணக்கை விரல் விட்டு எண்ணி "இந்நேரம் ஆயிருக்கணுமே"ன்னு வயித்துல கை வெச்சுக்கிட்டாங்க. என்ன பண்றது, பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லிட்டேன், ரெண்டு கிலோ எழுநூறுன்னு எடை வேற வாயில வந்துடுச்சு. அந்த அம்மா கட்டுன சரத்துல இருந்து நல்ல பெரிய முழமா ஒண்ணு அறுத்து என் கையில வெச்சு பொண்ணுக்கு குடுங்கன்னாங்க, காசு குடுக்கறேன்னு எவ்ளோ சொல்லியும் வாங்கல, பேத்தி பேர் வெக்கறன்னிக்கு சொல்லுங்க வரேன்னுட்டு இறங்கி போயிட்டாங்க. எண்ணூர் டீக்கடையில டீ குடிக்கறப்ப தொண்டையில எறங்கல. பூவை வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு போட்டேன்.

அடுத்த புதன் எண்ணூர் பஸ் ஏறலாமா, இல்ல கொஞ்ச நாள் வெயிலானாலும் பரவால்லன்னு தெக்கால போயிடலாமான்னு யோசனையா இருக்கு. இந்த லெட்டரை போட்டீங்கன்னா என் பேரை மட்டும் போட்டுடாதீங்க, அந்த அம்மாவுக்கு பத்திரிகை படிக்கற பழக்கம் உண்டான்னு தெரியாது. பெரம்பூர்னும் போட வேணாம். மேல நானே ஏழெட்டு இடத்துல எழுதி தொலைச்சிருக்கேன், முடிஞ்சா அதையெல்லாம் அடிச்சுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடசென்னை