தாஹிட்டியிலிருந்து தொடங்குங்கள், வசந்தா

தூத்துக்குடி

அன்புள்ள வசந்தா,

இங்கு அனைவரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் இவருக்குப் பெரிய நிம்மதி. பெரியவளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது; பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். வீட்டுச் செய்திகள் இவ்வளவுதான். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். உங்கள் நாற்பதாம் திருமண நாளுக்குப் பசிபிக் கடலின் போரா போரா தீவில், தண்ணீருக்கு மேல் கட்டிய குடிலில் தங்க உன் மகன் ஏற்பாடு செய்கிறான் என்றும், தாஹிட்டித் தீவின் பப்பீத்தேயில் இறங்கிய உடனே அடுத்த விமானம் ஏறிப் போய், அதே வழியில் திரும்பிவிடப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். பிள்ளை முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு.

நாங்கள் போய்வந்த கதையை நீ கேட்டிருந்தாய். இவருடைய ஆசை உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் படுக்கையறையில் மாட்டியிருந்த அந்தக் கப்பல் ஏஜென்சி காலண்டரைப் பார்த்து, "சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் இது என்னடி மலை?" என்று கேட்டவள் நீதானே! அந்தக் கூரான மலை மூரியா தீவில் இருக்கிறது. மௌவாரோவா என்று பெயர். என் ஆசை வேறு. ஒன்பதாம் வகுப்பில் நம் பூகோள டீச்சர் கலர் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்த மூன்று படங்களை நான் பிற்பாடு எத்தனையோ வகுப்புகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். மலையை ஒட்டி வளரும் கரையோரப் பவளப்பாறை, மலைக்கும் பாறைக்கும் நடுவே காயல் விரியும் தடுப்புப் பாறை, மலையே மறைந்து வளையம் மட்டும் எஞ்சி நிற்கும் வட்டப் பவளத்திட்டு. இந்த மூன்றையும் கண்ணால் பார்க்காமலேயே ஓய்வு பெற்றுவிட்டேனே என்ற குறை எனக்கு இருந்தது. இவருடைய கனவும் என் கனவும் ஒரே கடலில் இருந்ததை எங்கள் கொடுப்பினை என்றுதான் சொல்வேன்.

தாஹிட்டி இருக்கும் சொசைட்டி தீவுக்கூட்டத்தில் தீவுகள் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஏறக்குறைய ஒரே வரிசையில் கிடக்கின்றன. தாஹிட்டிக்குத் தென்கிழக்கே, கடலடியில் பூமியின் வெப்பம் மேலெழும் ஓரிடம் இருக்கிறது. எரிமலைத் தீவுகள் அங்கே பிறக்கின்றன. பசிபிக் கடலின் தரையோ ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வீதம் வடமேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால், பிறந்த தீவும் அதனுடன் விலகிப் போகிறது. போகப் போக எரிமலை அணைகிறது, தரை குளிர்கிறது, தீவு தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. தாஹிட்டியின் மிக உயர்ந்த சிகரம் ஒரோஹேனா 2241 மீட்டர். அடுத்த தீவான மூரியாவின் சிகரம் 1207 மீட்டர். போரா போராவின் ஒத்தேமானு 727 மீட்டர். அதற்கும் அப்பால் துப்பாய் என்ற திட்டில் மலையே கிடையாது. சுமார் பத்து லட்சம் ஆண்டு வயதுள்ள தாஹிட்டியிலிருந்து முப்பது லட்சம் ஆண்டைத் தாண்டிய போரா போராவுக்குப் போகிறவர்கள், ஒரே தீவின் இளமையிலிருந்து முதுமை வரை பார்த்துக்கொண்டே போகிறார்கள். நீங்கள் நேராகப் போரா போராவில் போய் இறங்கினால் பார்க்கப்போவது அழகான ஒரு முதுமையை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மலை அமிழும்போது பவளம் என்ன செய்கிறது என்பதில்தான் என் மனம் முழுவதும் இருந்தது. பவள உயிர்களுக்குச் சூரிய ஒளி வேண்டும். ஆழத்துக்குப் போனால் பாறை கட்டும் வலு அவற்றுக்கு இல்லை. ஆகவே காலடித் தரை கீழே இறங்க இறங்க, பழைய கூடுகளின் மேல் புதிய கூடுகளைக் கட்டி அவை மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. இதை முதலில் ஊகித்தவர் டார்வின். 1835 நவம்பரில் தாஹிட்டியின் மலைச்சரிவில் ஏறி நின்று, எதிரே பாறை வளையத்துக்குள் நிற்கும் மூரியாவைப் பார்த்தார். 1842இல் தம் விளக்கத்தை நூலாக வெளியிட்டார். அது சரியா என்று சோதிக்கப் பிற்காலத்தில் பவளத்திட்டுகளைத் துளைத்துப் பார்த்தார்கள். 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில், 1200 மீட்டருக்கும் அதிகமாகச் சுண்ணாம்புப் பாறையையே துளைத்துப் போன பிறகு எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. சின்னஞ்சிறு உயிர்கள் ஒரு மலையின் உயரத்துக்கு வீடு கட்டியிருக்கின்றன என்பதை வகுப்பில் சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்கும். அந்தக் கடலில் நின்று நினைத்தபோது பேச்சே வரவில்லை.

தாஹிட்டியில் நீ அவசியம் பார்க்க வேண்டியது வீனஸ் முனை. சரித்திர டீச்சருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1769இல் சூரியனை வெள்ளி கடப்பதைக் குக் அங்கிருந்துதான் அளந்தார். நான் பார்த்தது அங்குள்ள மணலை. எரிமலைப் பாறை அரைந்து வந்த மணல் என்பதால் கன்னங்கரேலென்று இருக்கிறது. போரா போராவிலோ மணல் அவ்வளவு வெண்மை. அது பவளமும் சிப்பியும் பொடிந்த மணல், அதில் கணிசமான பங்கு கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்துக் கழித்தது. கறுப்பு மணலில் கால் வைத்த பிறகு வெள்ளை மணலில் கால் வைத்தால்தான், நடுவில் எத்தனை லட்சம் ஆண்டுகள் கடந்திருக்கின்றன என்பது புரியும்.

மூரியாவுக்குப் பப்பீத்தே துறையிலிருந்து படகுக் கப்பல் போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். பெல்வதேர் என்ற மேட்டுக்கு வண்டியே போகும், அண்ணன் ஏற வேண்டியதில்லை. அங்கிருந்து இரண்டு விரிகுடாக்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே பாறை வளையத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. மலையிலிருந்து ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் பவளத்துக்கு ஆகாது என்பதால் அங்கே பாறை வளர்வதில்லை, அந்த வாசல் வழியாகத்தான் கப்பல்கள் உள்ளே வருகின்றன. மறுநாள் ஒப்புனோஹு விரிகுடாக் கரையில் இவர் தம் காலண்டர் மலையைக் கண்டார். அன்று முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில், "வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்" என்றார், அவ்வளவுதான்.

ராயாத்தியாவை விட்டுவிடாதே. அந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படி கடற்கரை கிடையாது. அதனாலேயே அங்கே ஓட்டல் நடத்திய அமெரிக்கர் மூவர் 1967இல் அறைகளைத் தண்ணீருக்கு மேல் கட்டினார்கள். உங்கள் மகன் பார்த்து வைத்திருக்கும் குடிலுக்கு மூதாதை அதுதான். ஆனால் நீ போக வேண்டியது தப்புத்தப்புவாத்தேயா என்ற பழைய வழிபாட்டுத் தலத்துக்கு. பொலினீசியத் தீவுகளுக்கெல்லாம் தாயகமாகக் கருதப்பட்ட இடம். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் மேடையைச் சுற்றி ஆளுயரப் பவளப் பலகைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். குக்கின் கப்பலில் ஏறிப் போன துப்பையா அந்தத் தீவில் பிறந்தவர். திசைகாட்டி இல்லாமல், விண்மீனையும் அலையையும் கொண்டே வழி சொன்ன அந்த அறிஞர் எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார். 1770இல் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். ஊர் திரும்பவே இல்லை. உன் பாடப்புத்தகத்தில் குக்குக்கு இரண்டு பக்கம் இருந்ததே, துப்பையாவுக்கு ஒரு வரியாவது இருந்ததா?

போரா போரா நிச்சயம் அழகுதான், மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை ஒரு மணல் திட்டில் அமைத்த ஓடுதளத்தில்தான் இன்றும் விமானம் இறங்குகிறது. அங்கிருந்து படகில் போக வேண்டும். தண்ணீர்மேல் குடிலில் நாங்களும் தங்கினோம். விடியலில் தரைக் கண்ணாடி வழியே மீன்கள் போவதையும், ஒத்தேமானுவின் முகட்டில் முதல் வெயில் படுவதையும் பார்த்தபடி இருவரும் காப்பி குடித்தோம். நீயும் அண்ணனும் அங்கே ஓரிரு இரவு தங்கத்தான் வேண்டும். எல்லா இரவுகளும் அங்கேயே வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. விலையோ மலைக்க வைக்கிறது. மீதி நாட்களில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்குங்கள். கறிப்பலாவைத் தணலில் சுட்டுத் தருகிறார்கள், சேப்பங்கிழங்கு உண்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து இலையில் வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒரு பண்டம் உண்டு. சைவக்காரர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எங்கும் தேங்காய்ப்பால்தான், உனக்குக் கொண்டாட்டம்.

வசந்தா, இனிச் சொல்லப்போவதை மனத்தில் வைத்துப் படி. கடைசியாக ரங்கிரோவா போனோம். அது துவாமோத்து தீவுக்கூட்டம். சொசைட்டி தீவுகளைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. மலை என்றோ அமிழ்ந்துபோய், தாஹிட்டித் தீவையே உள்ளே வைத்துவிடக்கூடிய அளவுக்குப் பெரிய காயலும், அதைச் சுற்றிக் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே மெல்லிய நிலமும் மட்டும் இருக்கின்றன. அங்கே ஆறு இல்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். ஒருபக்கம் பெருங்கடல் மோதுகிறது, மறுபக்கம் காயல் அசையாமல் கிடக்கிறது, நடுவில் பள்ளிக்கூடமும் தேவாலயமும் தென்னையும் குழந்தைகளும். அந்த நிலத்தைத் தாங்கிப் பிடிக்க நீருக்கு மேலே மலை இல்லை; பவளம் தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அந்த ஊர்.

மூரியாவில் முகமூடி அணிந்து தண்ணீருக்குள் பார்த்தபோது, உயிருள்ள பவளத்துக்கு நடுவே பாசி மூடிய செத்த பாறைகளையும் கண்டேன். 2010 புயலுக்கும், அதற்கு முன்பே பவளத்தைத் தின்று தீர்த்த முள்நட்சத்திர மீன்களுக்கும் பிறகு அந்தத் தீவின் வெளிப்பாறை சில ஆண்டுகளில் மறுபடி தழைத்ததாம். ஆனால் 2019இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து, மீண்டும் பெருமளவு மடிந்தன. எத்தனையோ லட்சம் ஆண்டுகள் அமிழும் தரைக்கு ஈடுகொடுத்து ஏறிய உயிர், நம் ஒரு தலைமுறையின் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கிறது. எனக்கு உறக்கம் வரவில்லை. நம் கரையை நினைத்துக்கொண்டேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நம் காலத்திலேயே நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை, நாம் சொல்லும் முருகைக்கல்லை, வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. பள்ளி விட்டு வரும்போது அந்தக் கற்குவியல்மேல் ஏறி விளையாடினோமே, அது ஒரு தீவின் அஸ்திவாரம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. உன் மகனைப் பேத்தியையும் அழைத்து வரச் சொல். அவள் வயதில் பார்க்கிறவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

இனி நடைமுறை. தாஹிட்டி, மூரியா, ராயாத்தியா, போரா போரா, ரங்கிரோவா என்ற வரிசையை மாற்றாதீர்கள். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில் மூரியாவில் திமிங்கிலமும் பார்க்கலாம். இந்தத் தீவுகள் பிரான்சைச் சேர்ந்தவை; ஆனால் விசா பிரான்சுக்குப் போகிறவர்களுக்கான சாதாரண விசா அல்ல, கடல்கடந்த பகுதிக்கென்று கேட்டு வாங்க வேண்டும். ஆக்லாந்து வழியாகப் போங்கள். தேதிக்கோட்டைத் தாண்டுவதால், புறப்பட்ட நாளுக்கு முந்தைய நாளில் பப்பீத்தே போய்ச் சேருவீர்கள். ஆகவே திருமண நாளன்று ஆக்லாந்தில் விமானம் ஏறினால், அடுத்த விடியலில் தாஹிட்டியிலும் அதே திருமண நாள்தான். அண்ணன் இரண்டு பரிசு வாங்க வேண்டியிருக்கும். இதை அவரிடம் நானே எழுதிச் சொன்னதாகச் சொல்.

விசாவுக்காக இவர் கொடுத்த தாள்களின் நகல்களையும், நாங்கள் தங்கிய விடுதிகளின் விவரங்களையும் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். பிள்ளையிடம் பேசிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று மறுதபாலில் எழுது.

அன்புடன்,
கமலா