நீ வரும்போது ஒரு மாஸ்க்

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வன்கூவர் பக்கத்து வைட்கிளிஃப் பூங்காவில் கூழாங்கல் கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் இறங்கினாய் என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதே நினைவுதான். 8 பாகைத் தண்ணீரில், தண்ணீர் புகாத ட்ரை சூட்டுக்குள் இருந்துகொண்டு, பாறை இடுக்கிலிருந்து கால் நீட்டும் பேய்க்கணவாயை, அந்த ஆக்டோபஸைப் பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும்! தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும் என்றாய். உண்மைதான். இங்கே 28 பாகையிலேயே ஒரு மணி நேரத்தில் எனக்கு நடுக்கம் வந்துவிட்டது.

ஆமாம், நானும் இறங்கிவிட்டேன். போன கிழமை நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் புறாத்தீவுக்குப் போனேன். தீவின் மணலிலிருந்து பத்து அடி நடந்தால் முருகைக்கல், அதுதான் பவளப்பாறை. தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் வெளிச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கறுக் கறுக்கென்று கேட்டது. மறுபக்கம் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் இரண்டு என்னைக் கவனிக்காமலே போயின. பயம் வரவில்லை மச்சான், கண் கலங்கியது. ஐம்பது வயதுவரை இந்தக் கடலில் குளித்திருக்கிறோம், மீன் வாங்கியிருக்கிறோம், உள்ளே ஒருநாளும் பார்த்ததில்லை.

மனம் நொந்ததையும் சொல்ல வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் களைத்தவர்கள் முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். மான்கொம்பு போன்ற கிளை ஒன்று ஒரு பையனின் காலடியில் ஒடிந்ததைப் பார்த்தேன். அவனைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. உங்கள் பூங்காவில் 1993 முதல் எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது என்றாய். புறாத்தீவும் 2003 முதல் தேசியப் பூங்காதான். ஆனால் உங்கள் கடலுக்குக் குளிரே ஒரு காவல். பழகாதவன் அங்கே இறங்கமாட்டான். எங்கள் கடல் எல்லோரையும் வா வா என்கிறது, அதனால் வள்ளம் ஏறுமுன் ஐந்து நிமிடமாவது மிதக்கப் பழக்கிவிட வேண்டும். என்னோடு வந்த பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் செய்தேன். களைத்தால் மல்லாந்து மிதக்க வேண்டும், காலை ஊன்றக் கூடாது. அவ்வளவுதான் பாடம்.

அப்புறம், கோணேசர் மலை உச்சியில் நின்று எட்டிப் பார்ப்போமே, நினைவிருக்கிறதா? 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி அந்த அடிக்கடலில்தான் லிங்கத்தைக் கண்டார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். பழைய கோயிலின் தூண்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன. நீ சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழகியவன். நீ கீழே போ, நான் மேலே மிதந்துகொண்டு பார்க்கிறேன்.

வாடைக்காற்று தொடங்கினால் கடல் கலங்கிவிடும். செப்டெம்பருக்குள் வந்துவிடு. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தூரம் தெரியாது, அதனால் தண்ணீருக்குள் பார்க்க மைனஸ் 3 பவர் வைத்த மாஸ்க் ஒன்று வாங்கி வா. காசு இங்கே தருகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய வகுப்புத் தோழன்