இன்டரப்ட்: அனுப்பிவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மெய்நிகர் கணினிகள் குறித்துத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, சாதனத்தின் இன்டரப்ட்டை (‘என்னைக் கவனி’ என்று செயலிக்கு அது தரும் குறிப்பை) ஹோஸ்ட் கணினியின் கெர்னல், கெஸ்ட்டுக்கு (மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு) ‘அனுப்பிவிடுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. சிக்கலெல்லாம் அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

இன்டெல் செயலியில் ஓடும் லினக்ஸ் கேவிஎம்மை, அதாவது மெய்நிகர் கணினிகளை இயக்கும் கெர்னல் பகுதியை, எடுத்துக்கொள்வோம். கெர்னல் முதலில் செய்வது குறித்துவைப்பது மட்டுமே. மெய்நிகர் ஏபிக்கின் (இன்டரப்ட்டைக் கையாளும் பகுதியின்) ஐஆர்ஆர் ரெஜிஸ்டர், நிலுவையில் உள்ள இன்டரப்ட்களின் பட்டியல். அதில் உள்ள 256 பிட்டுகளில் உரிய வெக்டரின் (இன்டரப்ட் எண்ணின்) பிட்டை 1 ஆக்குகிறது. விசிபியு, அதாவது கெஸ்ட்டின் மெய்நிகர் செயலி, தூங்கினால் எழுப்ப வேண்டும். வேறொரு கோரில் கெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஐபிஐ (ஒரு கோர் இன்னொரு கோருக்கு அனுப்பும் இன்டரப்ட்) அனுப்பி அதைக் கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்கு வெளியே இழுக்க வேண்டும். மறுபடி கெஸ்ட்டுக்குள் நுழையும்போதுதான் வெக்டரை விஎம்சிஎஸ்ஸில் (விசிபியுவின் நிலையைச் செயலி வைத்திருக்கும் அமைப்பில்) எழுதிச் செலுத்தலாம். அப்போது கெஸ்ட் இன்டரப்ட்டை அடைத்திருந்தால் செலுத்தக் கூடாது. மீறினால் நுழைவே தோற்றுவிடும். அடைப்பு திறந்ததும் கெஸ்ட்டை வெளியேற்றும் ‘இன்டரப்ட் விண்டோ’ வெளியேற்றத்தைக் கேட்டுவைத்து, அதுவரை காத்திருப்பதே வழி.

மிக நுட்பமான பிழை நுழைவுக்குச் சற்று முன் நேர்வது. விசிபியு ஐஆர்ஆரைப் பார்த்து முடித்துவிட்டது, இன்னும் உள்ளே போகவில்லை. அந்த இடைவெளியில் அனுப்புபவர் (இன்டரப்ட்டைக் குறித்துவைக்கும் கெர்னல் நிரல்) பிட்டை இடுகிறார். ‘கெஸ்ட்டில் இல்லையே’ என்று ஐபிஐயை விட்டுவிடுகிறார். இன்டரப்ட் அடுத்த வெளியேற்றம்வரை கிடப்பில் கிடக்கும். ஆகவே விசிபியு ஹோஸ்ட் இன்டரப்ட்டை அடைத்து, ‘கெஸ்ட் நிலை’ என்று முதலில் அறிவித்து, மெமரி பேரியர் (முன் எழுதியதும் பின் படிப்பதும் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) இட்டு, அதன் பிறகே ஐஆர்ஆரைப் பார்க்க வேண்டும். அனுப்புபவரோ பிட்டை இட்டு, பேரியர் இட்டு, பிறகு நிலையைப் படிக்க வேண்டும். ஒரு பக்கப் பேரியர் விடுபட்டாலும் பயனில்லை. இந்த வரிசையில், தாமதமாக வரும் ஐபிஐ நிலுவையில் நின்று, நுழைந்த உடனே கெஸ்ட்டை வெளியே இழுத்துவிடும். செயலியே இன்டரப்ட்டை நேராகக் கெஸ்ட்டுக்குத் தரும் போஸ்டட் இன்டரப்ட் வசதி வெளியேற்றத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நுழைவுக்கு முன், அதற்கெனக் குறித்துவைக்கும் பிஐஆர் பிட்டுகளை ஐஆர்ஆருக்கு மாற்றும் இடத்தில் இதே கவனம் தேவை.

‘இன்டரப்ட் தொலைகிறது’ என்ற புகார்களில் பல உண்மையில் ஒன்றிணைவுதான். ஒரு வெக்டருக்கு ஒரே பிட் என்பதால், எடுத்துக்கொள்ளப்படும் முன் அதே வெக்டரில் வரும் இரண்டு எம்எஸ்ஐ (சாதனம் செய்தியாக எழுதி அனுப்பும் இன்டரப்ட்) ஒன்றாகிவிடும். டிரைவர் இன்டரப்ட்டை எண்ணிக்கொண்டிருக்காமல் சாதனத்தின் க்யூ காலியாகும்வரை வேலைகளை எடுக்க வேண்டும்.

சாதனத்தின் வேலை முடியும்வரை லைன் உயர்ந்தே நிற்கும் லெவல் வகை வேறு ரகம். கெஸ்ட் இஓஐ (‘கையாண்டு முடித்தேன்’ என்ற குறிப்பு) எழுதியதும் கேவிஎம் லைனை இறக்கி, ரீசாம்பிள் ஈவென்ட்எஃப்டி என்ற அறிவிப்பு வழியே சாதனப் பக்கத்துக்குத் தகவல் தர வேண்டும். இறக்க மறந்தால் அதே இன்டரப்ட் ஓயாமல் வரும். கெஸ்ட் லினக்ஸ் 1,00,000 இன்டரப்ட்களில் 99,900க்கு மேல் யாரும் கையாளாதவை என்று கண்டால் லைனையே முடக்கிவிடும். தகவல் தர மறந்தால் நேர்மாறு: நிஜச் சாதனத்தைக் கெஸ்ட்டுக்கு ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ ஹோஸ்ட் பக்கம் மூடிய லைன் திறக்கப்படாது, சாதனம் ஒரே ஒரு முறை பேசிவிட்டு ஊமையாகிவிடும்.

இப்படிக்கு,
கெர்னல் நிரலாளர் ஒருவர்